மூட் கோர்ட்ல கப்பு, முன்சீஃப் கோர்ட்ல முழி

லா காலேஜ்ல மூட் கோர்ட், அதாவது பசங்க வக்கீல் மாதிரி வாதாடுற போட்டி, சீசன் ஆரம்பிச்சாச்சுன்னு என் டைம்லைனைப் பாத்தாலே தெரியுது. கருப்பு கோட்டு, வெள்ளை சட்டை, கையில ஷீல்டு, பக்கத்துல சீஃப் கெஸ்ட், கீழ நாலு வரி இங்கிலீஷ்ல நன்றி. பசங்க ஜெயிச்சா எனக்கும் சந்தோஷம்தான், லைக் போட்டுட்டுதான் வர்றேன். ஆனா ரொம்ப நாளா சொல்லணும்னு நினைச்சிட்டிருந்த ஒண்ணை இன்னிக்கு எழுதிடறேன், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கங்க.

தமிழ்நாட்டு சட்டக் கல்லூரிகள்ல நடக்கிற போட்டிகள் முக்காவாசி ஹைகோர்ட்டுக்கும் சுப்ரீம் கோர்ட்டுக்குமான ஒத்திகை. முடிச்சு வெளிய வர்ற பசங்க நிறைய பேர் போய் நிக்கிறது தாலுகாவுல இருக்கிற முன்சீஃப் கோர்ட்லயும் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்லயும். அங்க சாட்சி பேசுறது தமிழ், பிராது தமிழ், கட்சிக்காரர் கோர்ட் வாசல்ல நிறுத்தி "என்னாச்சு சார்"னு கேக்குறது தமிழ். அதுக்குன்னு மூணு வருஷத்துலயோ அஞ்சு வருஷத்துலயோ உருப்படியா ஒரு மேடை கிடையாது. என் வயித்தெரிச்சல் இதான்.

வக்கீல் அல்லாதவங்களுக்காக ஒரு விஷயம் சொல்லிடறேன். மூட் கோர்ட்ங்கிறது பெரும்பாலும் அப்பீல் கோர்ட் மாதிரி. கதை என்னன்னு பேப்பர்லயே எழுதிக் குடுத்துருவாங்க, யார் குத்துனா யார் ஓடுனான்னு சண்டையே கிடையாது, அந்தக் கதைக்கு எந்தச் சட்டம் பொருந்தும், பழைய தீர்ப்பு என்ன சொல்லுது, இவ்வளவுதான் வாதம். ரெண்டு பேர் பேசுவாங்க, ஒருத்தர் ரிசர்ச்சர், மெமோரியல்னு ஒரு புத்தகம் தயார் பண்ணி ஸ்பைரல் போட்டு கொண்டு வருவாங்க. 1960ல ஆரம்பிச்ச ஜெஸ்ஸப் மூட்தான் உலக அளவுல இதுக்கெல்லாம் பெரிய கனவு, அதுல இந்தியா ரவுண்டு தாண்டிட்டாலே பசங்க வாழ்க்கை முழுக்க சொல்லிக்குவாங்க, சொல்லட்டும், தகுதியான விஷயம்தான்.

ஆனா நிஜ கோர்ட்ல கதையே இன்னும் முடிவாகலையே. வேலி யாரு போட்டது, வேலி முன்னாடியே இருந்ததா, நீங்க நின்ன இடத்துலருந்து அது தெரியுமா, இதையெல்லாம் ஒரு சாட்சி வாயிலருந்து வரவைக்கிறதுதான் ஒரு ஜூனியரோட முதல் பத்து வருஷ பொழப்பு. அதைப் பழக்காம மூட் மட்டும் பழக்குறது கிரவுண்டுக்கே போகாம கமென்ட்ரி பழகுற மாதிரி இருக்கு.

நான் பிராக்டிஸ் பண்றது ஒரு மாவட்டத் தலைநகர்ல. எங்க பார்ல, அதாவது வக்கீல் சங்கத்துல, ஒரு சீனியர்கிட்ட ஜூனியரா சேந்த பையன், காலேஜ்ல பெஸ்ட் ஸ்பீக்கர் வாங்குனவன், நல்ல அறிவாளி. ஒரு உறுத்துக்கட்டளை (இன்ஜங்ஷன்) கேஸ்ல வாதியைக் குறுக்கு விசாரணை பண்ண எழுந்தான். மனசுக்குள்ள இங்கிலீஷ்ல கேள்வி ஓடுது, வாயில தமிழா வருது. "தாவா சொத்து சம்பந்தமா உங்களுக்கும் பிரதிவாதிக்கும் இருந்த உறவைப் பத்தி நீங்க என்ன சொல்றீங்க?" அவ்வளவுதான். வாதி பெரியவர் கூண்டுல நல்லா சாஞ்சு நின்னுக்கிட்டாரு. "அதாவது தம்பி, எங்க பாட்டனார் காலத்துல..."ன்னு ஆரம்பிச்சு முதல் விசாரணையில அவரோட வக்கீல் கேக்க மறந்ததையெல்லாம் சேத்து வரிசையா சொல்லிட்டாரு. ஜட்ஜ் டைப்பிஸ்டைப் பாத்து ஒவ்வொண்ணா டிக்டேட் பண்றாரு. எதிர்தரப்பு வக்கீல் தலையைக் குனிஞ்சு சிரிக்கிறாரு. பின்னாடி நின்ன குமாஸ்தாதான் பையன் கோட்டைப் புடிச்சு இழுத்து, "சின்னச் சின்னதா கேளுங்க சார், சரிதான்னு மட்டும் சொல்ல வைங்க"ன்னாரு.

அந்தக் குமாஸ்தா சொன்னதுதான் மொத்தப் பாடமும். கீழ்கோர்ட் சாட்சியத்தை ஒரு தடவையாவது படிச்சவங்களுக்குத் தெரியும், அதுக்குன்னு ஒரு நடை இருக்கு. "தாவா சொத்தின் வடக்கு எல்லையில் வேலி உள்ளது என்றால் சரிதான். அந்த வேலி என் தகப்பனார் காலத்திலிருந்தே உள்ளது என்றால் சரிதான். அந்த வேலியை பிரதிவாதிதான் பராமரித்து வந்தார் என்றால் சரியல்ல. நான் பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல." இப்படித்தான் பதிவாகும். முதல் ரெண்டு சரிதானை வாங்கிட்டு மூணாவதுல சரியல்ல வந்தா கூட பரவால்ல, ஜட்ஜ் தீர்ப்பு எழுதும்போது அந்த ரெண்டு சரிதான் வேலை செய்யும். எந்தக் கேள்வியோட நிறுத்தணும், எதைக் கேக்கவே கூடாது, இதெல்லாம் ஒரு கலை. இதை எந்த ஷீல்டுக்கும் போட்டியா வைக்கிறதில்ல. சில இடத்துல மாக் ட்ரையல்னு சாட்சி விசாரணையையே நடிச்சுக் காட்டுற போட்டி நடத்துறாங்க, இல்லைன்னு சொல்லல, ஆனா அதுவும் இங்கிலீஷ்ல. சாட்சியா நடிக்கிற பையன் இங்கிலீஷ்ல பதில் சொல்றான். எந்த ஊர்ல சார் பால்காரர் இங்கிலீஷ்ல சாட்சி சொல்றாரு?

சட்டப் படிப்புக்கு பார் கவுன்சில் போட்ட 2008 விதிகள்ல இதுக்கெல்லாம் இடம் இருக்கு, அதுதான் இன்னும் கடுப்பு. கடைசி கிளினிக்கல், அதாவது செய்முறைப் பேப்பர்ல 3 மூட்டுக்கு தலா 10 மார்க், ரெண்டு விசாரணையை நேர்ல பாத்து எழுதுறதுக்கு 30, சீனியர் ஆபீஸ்ல கட்சிக்காரர்கிட்ட எப்படிப் பேசுறாங்க கேஸ் எப்படித் தயாராகுதுன்னு பாத்து எழுதுறதுக்கு 30, வைவாக்கு 10. பேப்பர்ல பாத்தா அருமையான திட்டம். நடக்கிறது என்னன்னு படிச்ச எல்லாருக்கும் தெரியும், மேல் வருஷ பசங்களோட ரெக்கார்டை வாங்கி ராத்திரியோட ராத்திரியா காப்பி அடிக்கிறது. தேதியை மட்டும் மாத்துவாங்க, சில மகான்கள் அதைக்கூட மாத்த மாட்டாங்க, ஞாயித்துக்கிழமை கோர்ட் நடந்ததா எழுதியிருக்கிற ரெக்கார்டு எல்லாம் உண்டு.

இதுல மெட்ராஸ் லா காலேஜ் கதையையும் நினைக்காம இருக்க முடியல. 1891ல ஆரம்பிச்ச காலேஜ், ஹைகோர்ட் வளாகத்துலயே அந்தச் செங்கல் கட்டிடம். கிளாஸ் கட் அடிச்சா கூட கோர்ட்லதான் போய் நிப்பாங்க, வராண்டாவுல நின்னு பெரிய வக்கீல் ஆர்க்யூ பண்றதைக் கேக்கலாம், சிட்டி சிவில் கோர்ட்ல சாட்சி விசாரணை பாக்கலாம். 2008 நவம்பர்ல அங்க மாணவர்களுக்குள்ள நடந்த அந்த மோதல், விசாரணைக் கமிஷன், அப்புறம் 2018ல காலேஜை புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் மாத்திட்டாங்க. மாத்துனது சரியா தப்பான்னு இங்க சண்டை வேண்டாம், கட்டிடத்துக்கே பிரச்சனை இருந்ததுன்னு சொன்னாங்க. ஆனா ஒரு லா காலேஜுக்கும் கோர்ட்டுக்கும் நடுவுல ஒரு நீள பஸ் பயணம் வந்து உக்காந்துருச்சு, அதை ஈடு கட்ட என்ன செஞ்சாங்கன்னு கேட்டா பதில் வராது.

இப்ப மொழி விஷயம். நான் எப்பவாவது மூட் ஜட்ஜா கூப்பிட்டா போவேன். ஸ்கோர் ஷீட்ல அட்வகசி (வாதத் திறமை), டிமீனர் (நடந்துக்கிற விதம்)னு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்துல மார்க் எங்க போகுதுன்னு பக்கத்து ஜட்ஜுங்களை கவனிச்சிருக்கேன், நுனிநாக்கு இங்கிலீஷ் பேசுற பிள்ளைக்குத்தான் போகுது. கேஸ் கட்டை நல்லாப் படிச்சிட்டு வந்து இங்கிலீஷ்ல தடுமாறுற அரசுப் பள்ளி பிள்ளை, கேள்வி கேட்டா பதில் உள்ள இருக்கு, வெளிய வர மாட்டேங்குது, "ஒப்ளைஜ்டு யுவர் லார்ட்ஷிப்"னு சொல்லிட்டு உக்காந்துருது. அடுத்த வருஷம் அந்தப் பிள்ளை மூட் பக்கமே வராது. ரெஜிஸ்ட்ரேஷன் பீஸ், ரயில் டிக்கெட், பிரின்ட் அவுட் செலவு எல்லாம் சேந்தா வர முடியாதுங்கிறது தனிக் கதை.

அதே பிள்ளையை லீகல் எய்ட் கேம்ப்ல பாத்திருக்கேன். கேம்ப்னா என்னன்னு தெரியும்ல, காலேஜ் பஸ், ஃபிளக்ஸ் பேனர், பஞ்சாயத்து ஆபீஸ்ல பிளாஸ்டிக் சேர், போக்சோ பத்தி ஒருத்தர், குடும்ப வன்முறைச் சட்டம் பத்தி ஒருத்தர், இலவச சட்ட உதவிக்கு 15100 நம்பரை எழுதிக்கங்கம்மா, டீ, குரூப் போட்டோ. ஜனங்க மரியாதைக்குக் கேட்டுட்டு உக்காந்திருப்பாங்க. பேச்செல்லாம் முடிஞ்சப்புறம்தான் நிஜமான கேம்ப் ஆரம்பிக்கும், ஒரு அம்மா பையிலருந்து பத்திரத்தை எடுத்துட்டு மெதுவா பக்கத்துல வரும்.

அன்னிக்கு வந்த அம்மாவுக்கு பட்டா கொழுந்தன் பேருக்கு மாறிருச்சு. வீட்டுக்காரர் இறந்துட்டாரு, வாரிசு சான்றிதழ் வாங்கவே இல்ல. மூட்ல பிரிச்சு மேயுற ஒரு பையன் அரசியல் சட்டம் 300ஏ, சொத்துரிமைன்னு ஆரம்பிச்சான், அந்தம்மா பாவம் தலையாட்டுது. பின்னாடி நின்னுட்டிருந்த இந்தப் பிள்ளைதான் கீழ உக்காந்து பத்திரத்தை விரிச்சு, "அக்கா, மூலப்பத்திரம் யார் பேர்ல இருக்கு, வில்லங்கம் போட்டுப் பாத்தீங்களா, பட்டா மாத்துன ஆர்டர் காப்பி குடுத்தாங்களா"ன்னு ஒண்ணொண்ணா கேட்டுச்சு. முதல்ல தாசில்தாருக்கு வாரிசு சான்றுக்கு விண்ணப்பம், பட்டா மாறுதல் ஆர்டர் மேல வருவாய் கோட்டாட்சியர் ஆர்டிஓகிட்ட அப்பீல், அதுக்கு மேல மாவட்ட வருவாய் அலுவலர் டிஆர்ஓகிட்ட ரிவிஷன், பட்டா மாறுனதால மட்டும் சொத்து அவருதாயிடாது, பயப்படாதீங்க, பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, கோர்ட் வளாகத்துல இருக்கிற சட்டப் பணிகள் குழுவுல போய் கேளுங்கன்னு, எல்லாத்தையும் அந்தம்மாவுக்குப் புரியுற தமிழ்ல சொல்லி மனுவையும் எழுதிக் குடுத்துச்சு. "பணிந்து சமர்ப்பிக்கும் விண்ணப்பம்"னு தொடங்கி நான்கெல்லை வரைக்கும் ஒரு அடித்தல் திருத்தல் இல்ல. இதுக்கு எந்தக் கட்டத்துல மார்க் போடுவீங்க?

இதைச் சொன்னா ரெண்டு எதிர்ப்பு வரும். ஒண்ணு, ஹைகோர்ட் மொழி இங்கிலீஷ்தானே, அதைப் பழகாம எப்படின்னு. சரிதான், அரசியல் சட்டம் 348வது பிரிவு அப்படித்தான் இருக்கு. 2006ல நம்ம சட்டசபை ஹைகோர்ட்ல தமிழ் வேணும்னு தீர்மானம் போட்டுச்சு, 2012ல சுப்ரீம் கோர்ட் ஒத்துக்கல. அந்தப் போராட்டம் வேற, அது நடக்கட்டும். ஆனா கீழ்கோர்ட்டுக்கு 1976லயே ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தி தமிழுக்கு வழி பண்ணியாச்சு. அதுக்கும் நூறு வருஷம் முன்னாடி, 1860கள்லயே மாயவரம் முன்சீஃப் வேதநாயகம் பிள்ளை கோர்ட் தீர்ப்புகளைத் தமிழ்ல கொண்டு வந்துட்டாரு. கிடைச்ச இடத்துலயே நாம பழக்க மாட்டோம், கிடைக்காத இடத்துக்கு மட்டும் கோஷம் போடுவோம். இங்கிலீஷ் வேண்டாம்னு நான் சொல்லவே இல்ல. அந்தப் பிள்ளைக்கு இங்கிலீஷை ஒழுங்கா சொல்லிக் குடுக்கிறதும் காலேஜோட கடமைதான், அதையும் செய்யறதில்லைங்கிறது வேற வயித்தெரிச்சல்.

ரெண்டாவது எதிர்ப்புதான் நியாயமானது, ஒரு பேராசிரியர் நண்பர் சொன்னது. தமிழ் மூட்னு தனியா வெச்சா தமிழ் மீடியம் பசங்களை அங்க ஒதுக்கி விட்டுருவாங்க, அது ரெண்டாந்தரப் போட்டி ஆயிடும்னாரு. நூத்துக்கு நூறு உண்மை, அப்படித்தான் நடக்கும். அதனாலதான் சொல்றேன், தனிப் போட்டி வேண்டாம், எல்லாருக்கும் கட்டாயமா வைங்க. கான்வென்ட்ல படிச்ச பிள்ளையும் ஒரு விஏஓ சாட்சியை அரைமணி நேரம் தமிழ்ல குறுக்கு விசாரணை பண்ணட்டும். அன்னிக்குத் தெரியும் யாரு யாருக்கு சொல்லித் தரணும்னு. ஒரே டீம்ல ரெண்டு பேரையும் போடுங்க, காலையில ட்ரையல் தமிழ்ல, மதியம் அதே கேஸுக்கு அப்பீல் இங்கிலீஷ்ல. காலையில ஒழுங்கா கேக்காத கேள்விக்கு மதியம் அப்பீல்ல எவ்வளவு அடி வாங்கணும்னு ஒரே நாள்ல புரிஞ்சிடும். ஒரு வருஷ கிளாஸ்ல வராத பாடம் அது.

இதுக்குப் பெரிய செலவெல்லாம் இல்ல. ஊர் பேரையும் ஆள் பேரையும் மாத்தி, முடிஞ்சு போன கேஸ் கட்டு ரெண்டு மூணு தயார் பண்ணித் தர நான் ரெடி, ஒண்ணு வரப்புத் தகராறு, ஒண்ணு செக் கேஸ், ஒண்ணு அடிதடி. அடிதடி கேஸ் மட்டும் 2024 ஜூலைக்கு அப்புறம் நடந்ததா எழுதிடலாம், பசங்களுக்கு ஐபிசிக்குப் பதிலா வந்த பிஎன்எஸ்ங்கிற புதுச் சட்டத்து நம்பரும் பழகட்டும், ஏமாத்துற கேஸுக்கு 420 போய் 318 ஆனதையே எங்க பார்ல பாதிப் பேர் இன்னும் வாயில ஏத்திக்கல. சாட்சியா நடிக்க மாணவர்கள் வேண்டாம், எங்க குமாஸ்தாக்களைக் கூப்பிடுங்க, பொய் சாட்சி எப்படி நெளியும்னு அவங்களை விட யாருக்குத் தெரியும். ஜட்ஜா உக்கார ரிட்டயர்டு முன்சீஃப் ரெண்டு பேர்கிட்ட பேசிட்டேன், வரேன்னுட்டாங்க. ஏதாவது காலேஜ் மூட் கமிட்டி பசங்க இதைப் படிச்சா இன்பாக்ஸ்ல வாங்க, சனிக்கிழமையா பாத்து வெச்சுக்கலாம், பேனர் வேண்டாம், குமாஸ்தாக்களுக்கு மதியம் பிரியாணி மட்டும் காலேஜ் செலவுல போடுங்க, அதுல காம்ப்ரமைஸ் கிடையாது.