அணை ஷட்டர் மட்டுமா காரணம்?

2023 டிசம்பரில் நெல்லை, தூத்துக்குடியில் வந்த தாமிரபரணி வெள்ளம் முழுக்க பாபநாசம் அணை ஷட்டரால் வந்தது, அணையில் நீர்மட்டம் அளக்கும் சென்சார் இருந்திருந்தால் ஒரு வீடும் மூழ்கியிருக்காது, விவசாயிகளைக் கேட்கத் தேவையில்லை என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அணைத் தண்ணீரும் சேர்ந்தது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வெள்ளத்தின்போது 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. மழை கொட்டியது. இவை மூன்றுமே அணைகளுக்கு வெகு கீழே இருக்கிற ஊர்கள். குற்றாலம் பக்கமிருந்து வரும் சிற்றாறு நதியும் அணைக்கு வெகு கீழே, சீவலப்பேரியில்தான் தாமிரபரணியில் சேருகிறது, அந்தத் தண்ணீர் பாபநாசம் ஷட்டர் பக்கமே போகாது. அணையில் எத்தனை சென்சார் வைத்தாலும் இந்த மழை அதற்குத் தெரியாது.

சரி, சென்சாரே வேண்டாமா? கண்டிப்பாக வேண்டும், ஆனால் கீழே உள்ள குளங்களிலும் கால்வாய்களிலும் வேண்டும். அப்புறம், மட்டமானி, அதாவது நீர்மட்ட சென்சார், தண்ணீர் எத்தனை அடி என்று மட்டுமே சொல்லும். குளத்துக் கரையின் அடியில் கசிகிற தண்ணீர் தெளிவாக வருகிறதா, கலங்கி வருகிறதா என்று குனிந்து பார்ப்பவர், குளத்துத் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடும் மடையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர். கலங்கி வந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று அர்த்தம். குளத்தின் உபரி நீர் வழிகிற கலுங்கில் செடி அடைத்திருப்பதும் முதலில் அவர் கண்ணில்தான் படும்.

அதனால் "விவசாயிகளைக் கேட்கத் தேவையில்லை" என்ற உங்கள் வரியைத் தயவுசெய்து திருத்துங்கள். பாசன நிர்வாகத்தில் விவசாயிகளுக்கு இடம் தருவதற்கென்றே 2000இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. எச்சரிக்கை கலெக்டர் அலுவலகத் திரைக்குப் போகிற அதே நிமிடம் மடைக்காரர் போனுக்கும் வர வேண்டும்.