பணிமூப்பு யாரும் பார்த்துக் கொடுத்த சலுகை இல்லை

வியாழக்கிழமை மாலை நம் ஆலையின் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட்ட அந்தத் தாளைப் பற்றி எழுதக் கூடாது என்று மூன்று நாள்கள் பொறுத்திருந்தேன். திறமைதான் முக்கியம், சீனியர்கள் வழி விடட்டும் என்று வாட்ஸ்அப் குழுவில் வந்த பதிவுகளைப் படித்த பிறகு பொறுக்க முடியவில்லை. பாகங்களைச் சரிபார்க்கும் ஆய்வுப் பிரிவின் ஜெனரல் ஷிப்டில், அதாவது பகல் வேலையில், காலியான இடம், அதே பிரிவில் இருபத்தாறு ஆண்டு சர்வீஸ் உள்ளவரைத் தாண்டி, மூன்றாண்டு சர்வீஸ் உள்ள தம்பிக்குப் போயிருக்கிறது. நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். தகுதி சமமாக இருந்தால் பணிமூப்பே முடிவு செய்யும் என்று சமரச அதிகாரி முன்னிலையில் நிர்வாகத்தோடு போட்ட நம்முடைய 12(3) ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறோமே, அந்த வரி செல்லுமா செல்லாதா என்பது மட்டும்தான் எனக்குத் தெரிய வேண்டும்.

சீனியாரிட்டி என்றாலே வயதானவர்களுக்குக் காட்டும் இரக்கம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சர்வீஸைக் கணக்கிட்டுத் தரும் பலன்களில் ஒரு வகை, யாருடைய பங்கையும் குறைக்காது. ஐந்தாண்டு முடித்தவருக்கு ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்று பணிக்கொடை சேர்வதால் அடுத்தவருக்கு ஒரு பைசா நட்டம் இல்லை. இன்னொரு வகையோ ஒருவருக்குக் கிடைத்தால் மற்றவருக்குக் கிடைக்காதது: பகல் ஷிப்ட், பதவி உயர்வு, ஆட்குறைப்பின்போது வேலையில் நீடிப்பது. அங்கேதான் பட்டியல் வேண்டியிருக்கிறது. எந்தத் தேதியிலிருந்து கணக்கு, பிரிவு வாரியாகவா ஆலை முழுவதற்குமா, ஒரே நாளில் சேர்ந்த இருவரில் யார் முன்னே என்பதையெல்லாம் முன்கூட்டியே எழுதிவைப்பதற்குக் காரணம், நெருக்கடி வரும் நாளில் யாருடைய முகத்தையும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்பதே.

இன்னொன்றையும் நண்பர்கள் மறந்துவிடுகிறார்கள். ஆட்குறைப்பு என்று வந்தால் கடைசியாகச் சேர்ந்தவரே முதலில் வெளியேற வேண்டும் என்று தொழில் தகராறு சட்டத்தில் 1953-இல் சேர்க்கப்பட்ட 25ஜி பிரிவு சொன்னது. அதை மீறினால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்றும் சொன்னது. இப்போது நடப்புக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் அந்த விதி இருக்கிறது. ஆனால் அது ஆட்குறைப்புக்கு மட்டும். யாருக்கு எந்த ஷிப்ட், யாருக்கு முதலில் பதவி உயர்வு என்பதற்கு அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் கிடையாது. அங்கே நமக்குக் காவல், நாம் பேசி எழுதிய ஒப்பந்தம்தான். அந்த வரியை இன்று விட்டுக்கொடுத்தால், நாளை எந்தச் சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாலும் பதில் கிடைக்காது. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

என் அப்பா எழுபதுகளில் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பஞ்சாலையில் பதிலி ஆளாக இருந்தார். விடிவதற்கு முன்பே போய் கேட் முன்னால் நிற்க வேண்டும். அன்று யார் லீவு என்று பார்த்து, மேஸ்திரி விரலை நீட்டிக் கூப்பிடுகிறவர் உள்ளே போவார். மற்றவர்கள் தூக்குப்போசியோடு திரும்பி வருவார்கள். பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்குச் சேலை வந்ததோ இல்லையோ, மேஸ்திரி வீட்டுக்கு வாழைத்தாரும் தேங்காயும் போய்விடும். அந்தத் தாரைச் சைக்கிள் கேரியரில் அப்பா கட்டும்போது கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். இது என் அப்பா ஒருவர் கதை என்று நினைக்க வேண்டாம். ஆலைகளில் வேலை கிடைக்கவும் நிலைக்கவும் ஜாபர்கள் என்ற மேஸ்திரிகளுக்குக் கையூட்டுக் கொடுக்க வேண்டியிருந்ததை, தொழிலாளர் நிலையை ஆராய்ந்து 1931-இல் வெளிவந்த விட்லி ஆணைய அறிக்கையே பதிவு செய்திருக்கிறது. அந்த விரலுக்குப் பதிலாக வந்ததுதான் தேதி வாரியான பட்டியல். வியாழக்கிழமை ஒட்டிய தாளில் 'மதிப்பீட்டுப் புள்ளிகளின் அடிப்படையில்' என்ற சொற்களைப் படித்தபோது எனக்கு அந்தக் கேட்டும் அந்த விரலும்தான் கண்ணில் வந்தன.

திறமைக்கு மதிப்பில்லையா என்று கேட்கிறீர்கள். இருக்கிறது. ஒப்பந்தத்தின் அந்த வரியிலேயே தகுதி என்ற சொல்தான் முதலில் வருகிறது. அதைப் படிக்காமலே பேசுகிறவர்களுக்கு நான் என்ன சொல்வது? ஒரு வேலைக்குச் சான்றிதழோ தேர்வோ தேவை என்றால் வையுங்கள், தேறாதவர் சீனியராக இருந்தாலும் ஒதுங்கட்டும். ஆனால் சூப்பர்வைசர் தனியாக உட்கார்ந்து போட்ட மதிப்பெண், சம்பந்தப்பட்டவருக்கே காட்டாத மதிப்பெண், எதில் எத்தனை குறைந்தது என்று கேட்டால் 'அது மேனேஜ்மென்ட் விஷயம்' என்று பதில் வருகிற மதிப்பெண், அது எப்படித் திறமையின் அளவாகும்? இடம் இழந்தவர் ஆய்வு செய்து அனுப்பிய பாகம் திரும்பி வந்ததாக இந்த இருபத்தாறு ஆண்டில் ஒரு மெமோ கிடையாது. மைக்ரோமீட்டர் பிடிக்க அந்தத் தம்பிக்குக் கற்றுக் கொடுத்தவரும் அவர்தான்.

சீனியாரிட்டி இருந்தால் ஆட்கள் சோம்பேறி ஆகிவிடுவார்கள் என்ற பேச்சுக்கு நான் நீளமாகப் பதில் சொல்லப் போவதில்லை. வேலை செய்யாதவர்மீது நடவடிக்கை எடுக்க நிலையாணைகள் என்ற ஆலையின் எழுத்து விதிகள் இருக்கின்றன.

'நான் சேர்வதற்கு முன்பு போட்ட ஒப்பந்தம் என்னை ஏன் கட்டுப்படுத்த வேண்டும்' என்று ஒருவர் எழுதியிருந்தார். சமரச அதிகாரி முன்னிலையில் போடும் ஒப்பந்தம் அப்போது வேலையில் இருந்தவர்களை மட்டுமல்லாமல் பின்னால் சேர்கிறவர்களையும் கட்டுப்படுத்தும் என்று பழைய சட்டத்தின் 18(3) பிரிவு தெளிவாகச் சொன்னது. அதே ஒப்பந்தத்தில் வாங்கிய சம்பள உயர்வை வேண்டாம் என்று நீங்கள் யாரும் திருப்பித் தரவில்லையே.

இளையவர்களின் வலி எனக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். 2009-இல் வண்டி ஆர்டர்கள் விழுந்தபோது என் பிரிவில் கடைசிப் பெயர் என்னுடையது. என்னைவிட மெதுவாக வேலை செய்கிறவர் என்று நான் அன்று மனத்துக்குள் திட்டிய ஆள் உள்ளே இருந்தார், நான் வெளியே போனேன். மூத்த மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. பதினான்கு மாதங்கள் கழித்து ஒரு பதிவுத் தபால் வந்தது. ஆட்குறைப்பில் போனவர்களுக்கே காலியிடத்தில் முன்னுரிமை என்ற 25எச் பிரிவு இருந்ததாலும், சங்கம் அந்தப் பட்டியலைப் பத்திரமாக வைத்திருந்து தினமும் போய் நின்றதாலும் அந்தக் கடிதம் வந்தது. இரண்டாண்டுக்குள் திரும்பினால் பழைய தேதியே தொடரும் என்று ஒப்பந்தத்தில் இருந்ததால் என் இடமும் எனக்குக் கிடைத்தது. என்னை வெளியே அனுப்பியதும் அந்தப் பட்டியல்தான், திரும்ப அழைத்ததும் அதுதான். புதிய சட்டத் தொகுப்பில் அந்த முன்னுரிமை ஆட்குறைப்பு நடந்த ஓராண்டுக்குள் ஆள் எடுத்தால் மட்டும்தான். இன்று எனக்கு அது நடந்திருந்தால் பதினான்காம் மாதத்தில் என் பெயரைக் கூப்பிட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இருந்திருக்காது. சட்டம் சுருங்கும்போது ஒப்பந்தத்தின் வரி இன்னும் கெட்டியாக வேண்டுமா, இளக வேண்டுமா?

நம் பக்கத்திலும் குறை உண்டு, அதை மறைக்கவில்லை. நம்மோடு ஒரே லைனில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளிகளுக்கு எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லை. இருபத்து நான்கு மாதங்களில் 480 நாள்கள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981-லேயே சட்டம் வந்தும், கணக்கு நெருங்கும்போது கான்ட்ராக்டர் பெயரை மாற்றிப் புதிய டோக்கன் கொடுப்பதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். பட்டியலால் பயன் இல்லை என்று அவர்கள் சொன்னால் நான் தலைகுனிந்து கேட்பேன். பட்டியலால் நிரந்தரமானவர்களே சொல்லும்போதுதான் நெஞ்சு அடைக்கிறது. 'அண்ணா, உங்கள் காலம் முடிந்துவிட்டது, வழி விடுங்கள்' என்று குழுவில் எழுதிய தம்பிக்கு, அவனுடைய கன்ஃபர்மேஷன் ஆர்டர் எட்டு மாதம் இழுத்தபோது தொழிலாளர் அலுவலகத்துக்கு என்னோடு நான்கு முறை பஸ் ஏறியவர் யார் என்பது நினைவில் இருக்கும். இடம் இழந்த அதே மனிதர்தான். அவனை இப்போதும் நான் தம்பி என்றுதான் கூப்பிடுகிறேன்.

அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. கேண்டீன் ஃபிரிட்ஜில் மோர்ப் பாக்கெட்டுகளுக்கு நடுவே ஒரு சின்ன டப்பாவில் இன்சுலின் வைத்திருப்பார். இரவு ஷிப்டில் சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லோரும் தட்டை எடுக்க, அவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று ஊசி போட்டுக்கொள்வார். நோயைக் காட்டி அவர் எந்தச் சலுகையும் கேட்டதில்லை. இந்த முறையும் சீனியாரிட்டிப் பட்டியலில் தன் பெயர் மேலே இருக்கிறது என்று மட்டும்தான் விண்ணப்பத்தில் எழுதினார்.

செவ்வாய்க்கிழமை ஆட்சேபக் கடிதம் கொடுக்கிறோம். என் கையெழுத்து முதலில் இருக்கும். நிர்வாகத்திடம் கேட்பது ஒன்றுதான்: அந்தப் புள்ளித் தாளை, பட்டியல் ஒட்டிய அதே போர்டில் ஒட்டுங்கள். அவர் எதில் குறைந்தார் என்று அதில் நியாயமாக இருந்தால் இந்தப் பதிவை நானே நீக்கிவிடுகிறேன். இன்று இரவும் அவருக்கு மூன்றாம் ஷிப்ட்தான்.