செவ்வாயில் ஹெலிகாப்டர் பறந்தது உண்மையே

‘செவ்வாயில் காற்றே இல்லை, அங்கே ஹெலிகாப்டர் பறந்ததாகக் காட்டியது கணினி வரைகலை’ என்று பகிரப்படும் செய்தி தவறானது.

செவ்வாயில் காற்று உண்டு. அதன் அடர்த்தி பூமிக் காற்றில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். இத்தனை மெல்லிய காற்று எப்படித் தூக்கும் என்ற ஐயம் நியாயமானதே. ஆனால், நாசாவின் இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டரின் நிறை வெறும் 1.8 கிலோகிராம், அங்குள்ள ஈர்ப்போ பூமியினதில் 38 சதவீதம். எதிரெதிர்த் திசைகளில் சுழலும், 1.2 மீட்டர் விட்டமுள்ள அதன் இரண்டு கார்பன் இழைச் சுழலிகள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,500 முறை சுற்றியதால், அந்த மெல்லிய காற்றையே போதுமான அளவு கீழே தள்ளி மேலெழ முடிந்தது. புறப்படும் முன்பே, செவ்வாயின் காற்றழுத்தத்தை உண்டாக்கிய வெற்றிட அறையில் இது சோதிக்கப்பட்டது.

2021 ஏப்ரல் 19 அன்று அது 3 மீட்டர் உயர்ந்து 39 நொடிகள் பறந்ததை, சற்றுத் தொலைவில் நின்ற பெர்சிவரன்ஸ் ஊர்தி படம்பிடித்தது. மொத்தம் 72 முறை பறந்த அதன் கடைசிப் பயணம் 2024 ஜனவரி 18 அன்று நிகழ்ந்தது; பிறகு அது அனுப்பிய படத்தில், மணலில் விழுந்த அதன் நிழலிலேயே இறக்கையின் நுனி உடைந்திருப்பது தெரிந்தது.