எளிய புத்தகத்தைக் கொடுக்க ஏன் இவ்வளவு தயக்கம்?

“இந்தக் காலத்துப் பசங்க எதையுமே படிக்கிறதில்ல.” ஸ்டாஃப் ரூமில் வாரம் தவறாமல் காதில் விழும் பேச்சு இது. தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பல வருடமாகக் கலைக் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர்களால் படிக்க முடியாத புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு, படிக்கவில்லை என்று குறை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

போன செமஸ்டரில் பி.காம். முதலாண்டுப் பெண் ஒருத்தியின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஜெராக்ஸ் கடை நோட்ஸிலிருந்து ஒரு எஸ்ஸேயைக் காப்பி பண்ணியிருந்தாள். ஒவ்வொரு வரிக்கு மேலும் பென்சிலில், பொடி எழுத்தில், உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறாள். ‘தி போயட் டிஸ்க்ரைப்ஸ்...’ என்று ஒன்றரைப் பக்கத்துக்கு. ஸ்பெல்லிங் மறந்துவிடக் கூடாதென்று பின்பக்கத்தில் அதையே திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்திருக்கிறாள். பரீட்சையில் அப்படியே இறக்கி வைப்பாள், பாஸும் பண்ணிவிடுவாள். இரண்டாவது வரிக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து வருகிற பெண், ராத்திரி உட்கார்ந்து இவ்வளவு செய்திருக்கிறாள். இவளைப் போய்ச் சோம்பேறி என்று எப்படிச் சொல்வது?

வாசிப்பு ஆராய்ச்சியில் அடிக்கடி எடுத்துச் சொல்லப்படும் ஒரு கணக்கு உண்டு. யார் துணையும் இல்லாமல் ஒரு பக்கத்தை நிம்மதியாகப் படித்துப் புரிந்துகொள்ள, அதிலுள்ள சொற்களில் சுமார் 98 சதவீதம் ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். 250 வார்த்தைப் பக்கத்தில் புதிதாக ஐந்து வரலாம், அவ்வளவுதான். நியூசிலாந்துப் பேராசிரியர் பால் நேஷன் 2006-ல் போட்ட கணக்குப்படி, ஆங்கில நாவலை அந்த அளவுக்குப் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (play, played, player எல்லாம் சேர்ந்து ஒரே குடும்பம்) தெரிந்திருக்க வேண்டும். தமிழ் வழியில் ப்ளஸ் டூ முடித்து வரும் பிள்ளையிடம் அதில் கால்வாசி இருந்தாலே பெரிது. நாமோ முதல் வருடத்திலேயே நூறு வருடத்துக்கு முந்தைய இங்கிலாந்துக் கட்டுரையைப் பாடமாக வைக்கிறோம். வரிக்கு மூன்று வார்த்தை தெரியாது. அகராதியைப் புரட்டிப் புரட்டி நாலாவது வரிக்கு வரும்போது முதல் வரி மறந்து போயிருக்கும்.

இது நேற்று கண்டுபிடித்த விஷயமும் இல்லை. மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயக் கல்வி அதிகாரி டாக்காவில் வேலை பார்த்தவர். வங்காளப் பிள்ளைகளைக் கவனித்து 1926-ல் ஒரு நீண்ட அறிக்கை எழுதினார். முதலில் வாசிக்கப் பழக்கு, வாசிக்கக் கொடுப்பதில் புதுச் சொற்களைக் குறை, வந்த சொல்லையே மறுபடி மறுபடி வரவிடு என்பது அவர் கட்சி. அதற்கென்றே புத்தக வரிசையும் கொண்டுவந்தார். படிப்பவரின் நிலைக்கேற்ப எளிய சொற்களில் எழுதி, இன்று உலகம் முழுக்க விற்கும் கிரேடட் ரீடர் புத்தகங்களுக்கு அவர் ஒரு முன்னோடி. நம் பாடத்திட்டத்தில் நான்-டீடெயில் என்று ஒன்று இருப்பதும் கதையை மளமளவென்று படித்துப் போகத்தான். அதையும் வரி வரியாகத் தமிழில் சொல்லி, கேரக்டர் ஸ்கெட்ச்சை டிக்டேட் பண்ணி, எஸ்ஸே கொஸ்டின் ஆக்கிவிட்டோம். புத்தகத்தைத் தொடாமலேயே டிகிரி முடித்துப் போகிறவர்கள் உண்டு.

பிஜித் தீவுகளின் கிராமத்துப் பள்ளிகளில் எல்லி, மங்குபாய் என்ற இரண்டு ஆய்வாளர்கள் செய்த ஆய்வு 1983-ல் வெளிவந்தது. வகுப்பறைக்குள் சுவாரசியமான ஆங்கிலக் கதைப் புத்தகங்களைக் குவித்து வைத்தார்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் அந்தப் பிள்ளைகள் வாசிப்போடு, எழுத்திலும் இலக்கணத்திலும்கூட மற்ற வகுப்புகளை முந்தியிருந்தார்கள்.

படிக்கும் பழக்கமே இல்லை என்பதும் பொய். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ் மாட்டிக்கொண்டு நிற்கும்போது சுற்றிப் பாருங்கள். ரீல்ஸ் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள்தான். பிரதிலிபி ஆப்பில் தொடர்கதை படிக்கிற பெண்களும் இருக்கிறார்கள். அடுத்த அத்தியாயம் எப்போது வரும் என்று காத்துக் கிடக்கிறார்கள். தமிழில் இப்படிப் படிக்கிற பிள்ளைகள்தான் என் வகுப்பில் ஆங்கிலக் கதையையும் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். கதை எங்கே திரும்பும் என்று ஊகிக்கப் பழகியவர்களுக்கு, தெரியாத வார்த்தையைத் தாண்டிப் போகத் தைரியம் இருக்கிறது.

மூத்தவர்கள் உடனே வலங்கைமானில் பிறந்து கும்பகோணத்தில் படித்த, வெள்ளைக்காரன் காலத்து அரசியல் தலைவர் சீனிவாச சாஸ்திரியைச் சொல்வார்கள். அவருடைய ஆங்கிலத்தை இங்கிலாந்தே மெச்சியது, உண்மை. அன்று கல்லூரி வாசலை மிதிக்க முடிந்தவர்கள் எந்தெந்த வீட்டுப் பிள்ளைகள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்று என் முன்னால் இருப்பவர்களில் நிறைய பேர் முதல் பட்டதாரிகள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற அம்மாவின் பெண். முகூர்த்த நாளில் மண்டபத்தில் பந்தி பரிமாறிவிட்டு மறுநாள் கண் சிவக்க வகுப்புக்கு வரும் பையன்.

ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் கிடைக்க வேண்டும் என்று 1931-லேயே விதி வகுத்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் சீர்காழிக்காரர். அதே மண்ணில் நான் பார்த்த கல்லூரி நூலகங்கள் சிலவற்றில் ஆங்கிலக் கதைப் புத்தகம் பீரோவுக்குள் பூட்டியிருக்கிறது. கேட்டால் ஐடி கார்டு, கையெழுத்து, ‘எந்த டிபார்ட்மென்ட், எதுக்கு’ என்ற விசாரணை. கூச்சப்படும் பிள்ளை இரண்டாம் முறை அந்தப் பக்கம் போகாது.

என் வகுப்பில் வாரத்துக்கு ஒரு பீரியடை வாசிப்புக்கென்று விட்டேன். ஐம்பது அறுபது பக்க கிரேடட் ரீடர்கள், பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்திலிருந்து இலவசமாக எடுத்து பிரிண்ட் போட்ட கதைகள். பிடிக்காவிட்டால் பாதியில் மாற்றிக்கொள்ளலாம், யாரும் கேள்வி கேட்க மாட்டோம் என்றேன். ஆரம்பத்தில் போனைத்தான் எடுத்தார்கள். பிறகு ஒரு நாள் கடைசி பெஞ்ச் பையன் ஒருவன், பெல் அடித்த பிறகும் உட்கார்ந்து ஒரு துப்பறியும் கதையை முடித்துவிட்டு வந்து, “மேம், இதே மாதிரி இன்னொன்னு இருக்கா?” என்றான். ஆங்கிலத்தில் அவன் முழுசாகப் படித்து முடித்த முதல் புத்தகம் அதுதானாம்.

“காலேஜ் பசங்களுக்குக் குழந்தைப் புத்தகமா? தரம் என்ன ஆகும்?” என்று சக ஆசிரியர்களே கேட்கிறார்கள். அர்த்தம் தெரியாமல் ஒன்றரைப் பக்கத்தை ஒப்பிப்பதைவிட, அர்த்தம் தெரிந்து நாற்பது பக்கம் படிப்பது எந்த விதத்திலும் தரக்குறைவு இல்லை. இப்போது அசைன்மென்ட்டை சாட்ஜிபிடியே எழுதிக் கொடுத்துவிடுகிறது. வாசிக்கப் பழகாத பிள்ளை, அது சரியா தப்பா என்றுகூடப் பார்க்க முடியாமல் கொண்டுவந்து நீட்டுகிறது. அதைப் பார்க்கும்போதுதான் எனக்கு உண்மையான பயம் வருகிறது.

பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். எந்த டிகிரி படித்தாலும் பொதுவாக வரும் பகுதி-2 ஆங்கிலத்தில் செமஸ்டருக்கு ஒரு யூனிட்டை எடுத்துவிட்டு அந்த நேரத்தை வாசிப்புக்குக் கொடுங்கள். மார்க் எப்படிப் போடுவது என்று தயங்க வேண்டாம். இன்டர்னலில் ஐந்து மார்க்கை இதற்கு ஒதுக்கலாம். படித்த புத்தகத்தின் பெயர், எத்தனை பக்கம், பிடித்ததா இல்லையா என்று இரண்டு வரி எழுதினால் போதும். அந்த இரண்டு வரியை முதல் வருடம் தமிழில் எழுதினாலும் மார்க் போடலாம்.