மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் வயிற்றுவலி நடிப்பு இல்லை

மேலே கமெண்டில் ஒரு சார், "அஞ்சாறு வயசு, எட்டு வயசுக்கெல்லாம் என்ன மன அழுத்தம், ரெண்டு போட்டா சரியாகிடும், டீச்சர் கண்டிக்கச் சட்டமே இடம் கொடுக்குது" என்று எழுதியிருக்கிறார். கடைசியிலிருந்து வருகிறேன். சட்டம் இடம் கொடுக்கவில்லை சார், 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17வது பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மனரீதியாகத் துன்புறுத்துவதையும் சேர்த்தே தடை செய்கிறது.

அப்புறம் அந்த "என்ன மன அழுத்தம்". சின்னப் பிள்ளைக்கு "எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லத் தெரியாது, உடம்புதான் சொல்லும். என் பையன் மூன்றாவது படிக்கும்போது வேன் ஹாரன் கேட்டாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலியே இருக்காது, ஸ்கேன்கூட எடுத்துப் பார்த்தோம், ஒன்றுமில்லை. நானும் நடிக்கிறான் என்று திட்டினேன், மறைக்கவில்லை. டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வர ஆரம்பித்த பிறகுதான், வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொல்லும்போது திக்குவதைப் பார்த்து எல்லாரும் சிரிக்கிறார்கள் என்று தெரிந்தது. மிஸ்ஸிடம் பேசி, கொஞ்ச நாள் தனியாக வாசிக்க வைத்தார்கள். வலி தானாகக் குறைந்தது.

நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடி தொடங்கினாலும் கொஞ்சம் கவனியுங்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.