குழவியைச் சுற்றியது யார்?

பேசாமல் போய்விடலாம் என்றுதான் இருந்தேன். விடமாட்டேன் என்கிறார்கள். அந்த ஆட்டுக்கல் ரீலைப் பற்றித்தான் சொல்கிறேன். எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இங்கே பகிரவில்லை. நான் வேறு நாலு வியூ வாங்கிக் கொடுப்பானேன்?

உணவுத் திருவிழாவாம். ஓலைக் கொட்டகை, லாந்தர் விளக்கு, சாணி மெழுகின மாதிரி பெயின்ட் அடித்த தரை. நடுவில் ஆட்டுக்கல். அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா கண்டாங்கி கட்டி உட்கார்ந்து மாவாட்டுகிறார். சுற்றிலும் செல்போன்கள். கூலிங் கிளாஸ் போட்ட தம்பி ஒருவர் குழவியைப் பிடித்து நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, "சொர்க்கம்டா அந்தக் காலம்!" என்கிறார். பின்னணியில் நாதஸ்வரம் வேறு.

அதன் கீழே நான் எழுதியது ஒரே வரி. "நாலு சுற்றுச் சுற்றிவிட்டு எழுந்துவிட்டீர்கள். மீதி மாவை யார் ஆட்டுவது?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் பார்த்தீர்களே. 'நெகட்டிவ் ஆன்ட்டி' என்றார்கள். சரி, ஆன்ட்டிதான். ஒரு பெரியவர் ஆட்டுக்கல்லுக்கும் கர்ப்பப்பைக்கும் உள்ள தொடர்பை எனக்கு விளக்கினார். இன்னொருவர், எனக்கு நட்புப் பட்டியலில் இருப்பவர், "பாவம், இவங்களுக்கு அம்மா கையால சாப்பிடக் கொடுத்துவைக்கல போல" என்று எழுதினார். அதற்கு நூற்றுக்கணக்கில் ஹார்ட்டின். இந்தப் பதிவை எழுதுவது அதற்காகத்தான், மற்றதையெல்லாம் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

எங்களுக்குக் கோவில்பட்டி பக்கம் கரிசல் ஊர். எழுபதுகளின் கடைசியில் எங்கள் தெருவில் இட்லி என்பது தீபாவளி, பொங்கல், கல்யாணம், இல்லையென்றால் வீட்டில் யாருக்காவது காய்ச்சல். மற்ற நாளெல்லாம் கம்மஞ்சோறு, சோளச்சோறு, வாய்த்தால் குதிரைவாலி. அதற்கும் யாரோ ஒருத்தி உரலில் குத்த வேண்டும், புடைக்க வேண்டும். கம்பு உரலில் துள்ளும், தண்ணீர் தெளித்துத் தெளித்துக் குத்த வேண்டும். 'தினம் காலையில் ஆட்டுக்கல் மாவில் ஆவி பறக்கும் இட்லி' என்று எழுதுகிறவர்கள் எந்த ஊரில் வளர்ந்தார்களோ தெரியாது. அது அந்தக் காலம் இல்லை, அந்தக் காலத்தில் வசதியாக இருந்த வீடு.

தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி எங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். உளுந்து முதலில். ஒரேயடியாகத் தண்ணீர் ஊற்றினால் பொங்காது, கை கையாகத் தெளிக்க வேண்டும். வலது கை குழவியைச் சுற்றும். இடது கை குழியின் ஓரத்தில் ஏறும் மாவை உள்ளே தள்ளிவிட்டுக்கொண்டே இருக்கும். தாளம் தப்பினால் விரல் நசுங்கும். அம்மாவுக்கு இடது கை நடுவிரலில் நகம் கடைசிவரை கோணல்தான். உளுந்தை வழித்தெடுத்துவிட்டு அரிசி. அது இன்னும் கனம். தோள்பட்டை இறங்கிப் போகும். அப்புறம் கல்லைக் கழுவி, குழியில் தேங்கின தண்ணீரைக் கையால் அள்ளி மாட்டுத் தொட்டியில் ஊற்ற வேண்டும். முடிக்கும்போது தெரு அடங்கி நாய்கூடத் தூங்கியிருக்கும். பிறகு விடிகாலையில் எழுந்து எல்லோருக்கும் எண்ணெய் தேய்த்துவிட வேண்டியவளும் அவள்தான்.

அந்த இட்லியை நான் சாப்பிட்டேன். கொடுத்துவைக்காமல் இல்லை.

கல் தேய்ந்துவிட்டால் கொத்த வேண்டும். "அம்மி கொத்துறது, ஆட்டுக்கல் கொத்துறது" என்று கூவிக்கொண்டு வருவார்கள். உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்து புள்ளி புள்ளியாகக் கொத்திவிட்டுப் போவார்கள். அன்றைக்கு அரைத்தால் மாவில் கல் நறநறக்கும். அதனால் தவிட்டையோ கொஞ்சம் அரிசியையோ போட்டு அரைத்துக் கொட்டிவிட்டுத்தான் மாவாட்ட வேண்டும். இதெல்லாம் ரீலில் வராது. ரீலில் வருவது ருசி மட்டும்.

ருசி உண்மைதான். இல்லையென்று யார் சொன்னது? கல்லில் அரைத்த மாவு ருசிதான். நான் கேட்டது அது இல்லை. குழவியைச் சுற்றியது யார் என்றுதான் கேட்டேன்.

'ஆண்களும்தானே உழைத்தார்கள், ஏற்றம் இறைக்கவில்லையா' என்று கேட்கிறார்கள். இறைத்தார்கள். ஆனால் ஏற்றத்தைப் பற்றி 'அடடா, சொர்க்கம்' என்று எந்த மகனும் எழுதி நான் பார்த்ததில்லை. 'எங்கப்பா பட்ட பாடு' என்றுதான் எழுதுகிறான். அப்பா பட்டால் பாடு, அம்மா பட்டால் ருசி. இதை மட்டும் யாராவது எனக்கு விளக்கிச் சொல்லுங்கள்.

அடுத்து அந்தப் பெரியவர். 'அம்மியும் ஆட்டுக்கல்லும் இருந்தவரை சுகப்பிரசவம். மிக்சியும் கிரைண்டரும் வந்தன, சிசேரியன் வந்தது.' இந்த வசனத்தை வாட்ஸ்அப் வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். காலையில் சூரிய உதயப் படத்தோடு வரும். அனுப்புகிறவர் அநேகமாகப் பிரசவ அறைக்கு வெளியே காபி குடித்துக்கொண்டு நின்றவராக இருப்பார்.

அண்ணாச்சி, கேளுங்கள். 1971-இல் தமிழ்நாட்டில் ஆயிரம் குழந்தைகள் உயிரோடு பிறந்தால் அதில் 113 முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 2020-இல் அது 13. உங்கள் ஆட்டுக்கல் பொற்காலத்தில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு குழந்தை போய்க்கொண்டிருந்தது. தாய்மார்கள் கணக்கு வேண்டுமா? 2001-03-இல்கூட ஒரு லட்சம் பிரசவத்துக்கு 134 தாய்மார்களைப் பறிகொடுத்தோம். 2018-20-இல் அது 54. குறைத்தது குழவி இல்லை. ஆரம்ப சுகாதார நிலையமும், கிராமத்து நர்ஸம்மாவும், இரும்புச்சத்து மாத்திரையும், 2008-இல் வந்த 108 வண்டியும் குறைத்தன. சிசேரியன் இன்று தேவைக்கு மேல் நடக்கிறது, அது வேறு சண்டை, அதற்கும் வருகிறேன் என்றால் வருகிறேன். அதற்காக ஆட்டுக்கல்லை டாக்டராக்காதீர்கள்.

எங்கள் ஆச்சியைக் கேட்டால் "பெத்தது எட்டு, தங்குனது அஞ்சு" என்பாள். வெண்டைக்காய் விலை சொல்கிற மாதிரிச் சொல்வாள். எட்டும் சுகப்பிரசவம்தான்.

அம்மா நிறைமாதத்தில் ஆட்டினாள். யாரும் ஆட்டு என்று அடிக்கவில்லை. அப்படியெல்லாம் கொடுமைக்காரக் குடும்பம் இல்லை எங்களுடையது. விருந்து வந்திருந்தது, ஆட்ட வேண்டியிருந்தது, ஆட்டினாள். ராத்திரி வலி வந்தது. வண்டி பூட்டி டவுனுக்குப் போய்ச் சேர்வதற்குள் விடிந்துவிட்டது. தம்பி நிற்கவில்லை. ஆட்டுக்கல்லால்தான் போனான் என்று நான் சொல்ல வரவில்லை, எனக்கு அந்த மருத்துவம் தெரியாது. ஆனால் ஆட்டுக்கல் காப்பாற்றவும் இல்லை, அண்ணாச்சி. தீட்டு கழிந்த கையோடு அம்மா மறுபடி அதே கல்லின் முன்னால்தான் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து உளுந்துக்குத் தண்ணீர் தெளித்தேன். அம்மா கையால் சாப்பிட்டிருக்கிறேனா என்று கேட்டீர்களே. அந்தக் கை எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கு உங்கள் அம்மாவின் கை தெரியுமா?

சரி, கோபப்படவில்லை. பொறுமையாகவே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு கிரைண்டர் வந்தது எண்பதுகளின் கடைசியில், தவணையில். கோயம்புத்தூர் கிரைண்டர். 1955-இல் அங்கே சபாபதி என்பவர் மாவாட்ட மெஷின் கண்டுபிடித்தார் என்பது பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. எந்த ஊரில் அவருக்குச் சிலை இருக்கிறதோ இல்லையோ, என் கணக்கில் அவர் பெரிய மனிதர். வந்த அன்று அம்மா அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள், சுவிட்சைப் போடச் சொன்னாள். கல் தானாகச் சுற்றுகிறது. அம்மா எழுந்து போகவில்லை. பலகையைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து கையைவிட்டு மாவைத் தள்ளிக்கொண்டிருந்தாள். "ஏம்மா, அது தானா அரைச்சுக்கும், நீ போ" என்றேன். "இருக்கட்டும்டி, கை சும்மா இருக்க மாட்டேங்குது" என்றாள். மாவு அரைபடும் நேரத்தில் வாசலில் போய் உட்கார்ந்து மதினியோடு பேசலாம் என்று அவளுக்குப் பழகவே ஒரு மாசம் ஆயிற்று.

அதே ஆட்டுக்கல் பின்னால் கொல்லையில் கோழிக்குத் தண்ணீர் வைக்கக் கிடந்தது. இப்போது அதை விலை கொடுத்து வாங்கிப் பங்களாத் தோட்டத்தில் அல்லி வளர்க்கிறார்கள். வளர்க்கட்டும். அல்லி அழகுதான்.

2011-இல் அண்ணா பிறந்தநாளன்று விலையில்லா மிக்சி, கிரைண்டர், ஃபேன் கொடுக்க ஆரம்பித்தார்களே, அப்போது இதே ஆட்கள் என்ன பேசினார்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது. 'இலவசம் கொடுத்து ஜனங்களைச் சோம்பேறியாக்குகிறார்கள்.' கிரைண்டர் கொடுத்தார்கள், கரண்ட் கொடுக்கவில்லை என்று சொன்னது நியாயம், அந்தச் சமயத்து மின்வெட்டு அப்படி. ஆனால் சோம்பேறி என்ற சொல் யாரைக் குறித்து வந்தது? மாவாட்டுகிறவளைத்தானே? நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்து ராத்திரி கல்லில் ஆட்டியவள் கொஞ்சம் சீக்கிரம் படுத்தால் நாட்டுக்கு என்ன நஷ்டம்? சொல்கிறவர் வீட்டில் அப்போதே டேபிள் டாப் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

ஒரு தோழி நியாயமாகவே ஒன்று கேட்டாள், இன்பாக்ஸில். "அந்த அம்மாவுக்கு அன்றைக்குக் கூலி கிடைத்திருக்கும் இல்லையா? நீ கத்தி அதையும் கெடுத்துவிடாதே." இதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. கிடைத்திருக்கும். வீட்டில் சும்மா ஆட்டியதற்குப் பதில் இங்கே காசுக்கு ஆட்டுகிறார், ஒரு வகையில் இது மேல். ஆனால் வீடியோவைத் திரும்பப் பாருங்கள். அத்தனை பேர் படம் எடுக்கிறார்கள், ஒருவர்கூட "உங்க பேரு என்னம்மா, எந்த ஊரு" என்று கேட்கவில்லை. குழவியைச் சுற்றியவள் அங்கேயும் செட் சாமான்தான், லாந்தர் மாதிரி.

'அப்படியென்றால் பழசு எதையுமே ரசிக்கக்கூடாதா?' இதைக் கேட்காத ஆள் இல்லை. நான் ரசிக்காததா? இலங்கை வானொலியில் பி.எச்.அப்துல் ஹமீது குரல் வந்தால் தெருவே ஒரே ரேடியோவாக இருக்கும், நடந்து போகிறவனுக்குப் பாட்டில் ஒரு வரி விடுபடாது. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் பார்க்க டிவி இருந்த வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கியிருக்கிறேன். கமர்கட், வாடகை சைக்கிள், எல்லாம் உண்டு. இனிக்கிறது என்றால் இனிக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகிறேன். மற்றவளுக்கு வலித்ததைத் தொட்டு எனக்கு இனித்தது என்று சொல்லாதீர்கள் என்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனதில் இருக்கிறது. எங்களோடு ஐந்தாம் வகுப்புவரை ஒருத்தி படித்தாள். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. ஆறாவதுக்கு வரவில்லை. 'ஆபீசுக்கு'ப் போய்விட்டாள். எங்கள் பக்கத்தில் ஆபீஸ் என்றால் தீப்பெட்டி ஆபீஸ். விடிவதற்கு முன்னால் ஊருக்குள் பஸ் வரும், தூக்குச்சட்டியோடு பிள்ளைகள் ஏறும். கட்டையில் தீக்குச்சி அடுக்குவாள், வீட்டில் அவள் அம்மா பெட்டி ஒட்டுவாள். பசை காய்ந்து விரலெல்லாம் தோல் உரிந்திருக்கும். எங்கள் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் 'மறக்க முடியாத அந்த நாட்கள்' என்று தினம் ஒருவர் எழுதுகிறார். அவள் அந்தக் குழுவில் இல்லை. இருக்க முடியாது, அது பத்தாவது முடித்தவர்கள் குழு. அவள் எழுதினால் அந்த நாட்கள் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கூடப் பார்க்காமல் லைக் போடுகிறோம். நானும்தான் போடுகிறேன்.

'பெண்ணியம் பேசுகிறார்' என்று ஒரு கமென்ட் வந்திருக்கிறது. மாவைப் பற்றித்தான் பேசினேன். பெண்ணியம் என்று தோன்றினால் உங்கள் சௌகரியம்.

'மாதத்தில் மூன்று நாள் ஒதுக்கி வைத்ததே பெண்ணுக்கு ஓய்வு கொடுக்கத்தான்' என்று அடுத்த மெசேஜை ஒருவர் இப்போதே தட்டிக்கொண்டிருப்பார், தெரியும். ஐயா, ஓய்வு கொடுக்க வேண்டுமென்றால் குழவியை வாங்கி நீங்கள் ஆட்டியிருக்கலாம். கொல்லைப்புறத்துக்கு அனுப்ப வேண்டியதில்லை.

கமென்ட் பெட்டி திறந்தே இருக்கிறது. திட்டுகிறவர்கள் என்னைத் திட்டுங்கள், பழகிவிட்டது. அம்மாவை இழுக்காதீர்கள். இழுத்தவரை நேற்றே நட்புப் பட்டியலிலிருந்து எடுத்தாயிற்று, அவருக்குப் பரிந்து இன்பாக்ஸில் வருகிற பொது நண்பர்கள் தயவுசெய்து வர வேண்டாம். சுகப்பிரசவம் என்று ஆரம்பிக்கிறவர்களுக்குப் பதில் கிடையாது, நேரே பிளாக்தான்.