கேடோ குயவுக்கலை அழிந்துவிடவில்லை
அமெரிக்கப் பழங்குடியினரான கேடோ மக்களின் மட்பாண்டக் கலை 19-ஆம் நூற்றாண்டோடு செத்துவிட்டது, இனி அகழாய்வில் கிடைப்பதுதான் மிச்சம் என்று இங்கே வந்த கட்டுரை முடிவுகட்டுவதை ஏற்க முடியவில்லை. 1859-இல் டெக்சாஸை விட்டே அவர்களை வெளியேற்றினார்கள், கலையும் அறுந்துபோனது, அது உண்மை. ஆனால் ஜெரல்டீன் ரெட்கார்ன் என்ற கேடோ பெண்மணி 1990களில் அதை மீட்டெடுத்தாரே! பாட்டி, அம்மா வழியாகச் சொல்லித்தர ஆளில்லாத நிலையில், பழைய பானைகளைப் பார்த்துப் பார்த்தே கற்றார். சக்கரம் கிடையாது, களிமண்ணைக் கயிறாகத் திரித்து வளையம் வளையமாக அடுக்கி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்ற வேண்டும். முன்னோர் பல பானைகளில் சுட்ட பிறகுதான் சுருள் கோடுகளைக் கீறினார்கள், அந்தக் கீறலுக்குள் சிவப்போ வெள்ளையோ நிறமியைத் தேய்த்து ஏற்றினார்கள். கை கொஞ்சம் தவறினாலும் கோடு கோடுதான், அழிக்க வழியில்லை. ரெட்கார்ன் செய்த பானை ஒன்று ஒபாமா காலத்தில் வெள்ளை மாளிகையின் ஓவல் அலுவலகத்திலேயே இருந்தது. மேலே கருத்து எழுதிய ஒரு வாசகர், புதையல் தோண்டியவர்களால்தான் கேடோ முன்னோரின் பழங்கால மண்மேடான ஸ்பைரோவின் பொருள்களாவது உலகுக்குக் கிடைத்தன என்கிறார். அப்படியில்லை. 1933 முதல் 1935 வரை ஒரு கும்பல் ஓக்லஹோமா மாநிலத்தில் உள்ள அந்த மேட்டைக் குடைந்து, விலைபோனதை விற்று, மற்றதை மிதித்துப் போட்டு, கடைசியில் வெடியும் வைத்தது. எந்தப் பொருள் எதன் பக்கத்தில் இருந்தது என்ற தகவல் போனது போனதுதான். 1936-இல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மிஞ்சிய பகுதியைத்தான் தோண்ட முடிந்தது. கேடோ மக்களின் அரசு இன்றும் ஓக்லஹோமாவின் பிங்கரில் இயங்குகிறது. கட்டுரையாளர் அதையும் ஒரு வரி சேர்க்க வேண்டும்.